வழக்குமன்றத்திலிருந்து நீதிபதி இருக்கைக்கு: கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி

மலேசியாவில் வாழும் நமக்குக் 'கூட்டரசு நீதிபதி' என்னும் சொல் காதில் விழுந்தவுடன் புத்ராஜெயாவில் உள்ள நீதி மாளிகையே கண்முன் தோன்றும். நம் நாட்டின் நீதிமன்ற அடுக்கில் கூட்டரசு நீதிமன்றமே உச்சியில் இருப்பது. அமெரிக்காவில் அச்சொல்லின் பொருள் வேறு. அங்கே ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனியே நீதிமன்றங்கள் உள்ளன. அவற்றுக்குப் புறம்பாக மத்திய அரசின் சட்டங்களையும் அரசியலமைப்புச் சட்டத்தையும் ஒட்டி எழும் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்கள் யாவும் கூட்டரசு நீதிமன்றங்களே. மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என மூன்று படிகளாக அவை அமைந்துள்ளன. எனவே முதல் விசாரணை நடத்தும் மாவட்ட நீதிபதியும் அங்கே கூட்டரசு நீதிபதிதான். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே நாம் இவ்வுரைக்குள் செல்ல வேண்டும்.

இன்னுமொரு வேறுபாடு நம் மாணவர்களுக்கு வியப்பளிக்கலாம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 123ஆம் பிரிவு, உயர்நிலை நீதிபதியாக நியமிக்கப்படுபவர் குடிமகனாகவும், அதற்கு முந்தைய பத்தாண்டுகள் வழக்குரைஞராகவோ நீதி, சட்டத் துறை அலுவலராகவோ பணியாற்றியவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க அரசியலமைப்போ கூட்டரசு நீதிபதிக்கென எந்தத் தகுதியையும் வரையறுக்கவில்லை. சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூட அதில் எழுதப்படவில்லை. அதிபர் பெயரை முன்மொழிவார். செனட் சபை இசைவு தரும். இசைவு கிடைத்துவிட்டால் நன்னடத்தை உள்ளவரை பதவி. சம்பளத்தைக் குறைக்கவும் இயலாது. நம் நீதிபதிகளுக்கு 66 வயதில் ஓய்வு உண்டு. அங்கே வயது வரம்பு இல்லை.

வாழ்நாள் முழுவதற்குமான அப்பதவியை அலெக்சாண்டர் ஹேமில்டன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் கட்டுரைகளில் வலியுறுத்தி எழுதினார். வாளும் பணப்பையும் இல்லாத நீதித்துறைக்கு நிலைத்த பதவியே காவல் என்பது அவர் வாதம். அவர் பிறந்தது கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் என்னும் சிறு தீவு. அதே தீவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகருக்குக் குடிபெயர்ந்த ஒரு கறுப்பினத் தம்பதியரின் மகளே நம் உரையின் தலைவி.

கான்ஸ்டன்ஸ் பேக்கர் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாமவர். தந்தையார் யேல் பல்கலைக்கழக மாணவர் கழகங்களில் சமையற்காரர். புகழ்மிக்க பல்கலைக்கழகம் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் அக்குடும்பத்துக்கு அதனுள் செல்லும் வழி அடுக்களை வழியாகவே இருந்தது. தாயார் சமூகத் தொண்டில் ஈடுபாடு கொண்டவர். பதின்ம வயதிலேயே கான்ஸ்டன்ஸ் நகரின் கறுப்பின இளைஞர் அமைப்பில் பொறுப்பேற்றார்.

அவர் உள்ளத்தில் சட்டம் இடம்பிடித்தது ஒரு பொது உரையால் என்பதை இவ்விடத்தில் நாம் மகிழ்வோடு குறிப்பிடலாம். 1938ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மிசௌரி மாநிலத்தைப் பற்றி ஒரு தீர்ப்பளித்தது. வெள்ளையருக்கு மாநிலத்திற்குள் சட்டக் கல்லூரி நடத்திவிட்டு, கறுப்பின மாணவரை வெளிமாநிலத்துக்கு அனுப்பிக் கட்டணம் மட்டும் தருவது சமத்துவம் ஆகாது என்பதே அதன் சாரம். அத்தீர்ப்பை நியூ ஹேவன் நகரின் கறுப்பின வழக்குரைஞர் ஜார்ஜ் குரோஃபர்ட் டிக்ஸ்வெல் சமூக மன்றத்தில் விளக்கிப் பேசினார். கேட்டவர்களுள் ஒருவர் கான்ஸ்டன்ஸ். எத்தனையோ உரைகள் மண்டபத்தோடு கரைந்து போகின்றன. சில இப்படி ஒருவரின் திசையையே மாற்றி அமைக்கின்றன.

ஆயினும் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. பணம் இல்லை. வேறொரு நாள் அதே மன்றத்தில் கூட்டம் ஒன்று கூடியது. கறுப்பின மக்களுக்கெனக் கட்டப்பட்ட இம்மன்றத்தை அம்மக்களே ஏன் மிகுதியாகப் பயன்படுத்துவதில்லை என்ற கேள்வி எழுந்தது. நிருவாகக் குழுவில் முழுவதும் வெள்ளையரே அமர்ந்திருக்கையில் எங்களுக்கு இது எங்கள் இடமாக எப்படித் தோன்றும் என்ற கருத்தில் அப்பெண் எழுந்து பேசினார். மன்றத்துக்குப் பொருளுதவி செய்த கட்டுமானத் தொழிலதிபர் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ அக்கூட்டத்தில் இருந்தார். சினம் கொண்டிருக்க வேண்டியவர் அவரே. ஆனால் அவர் அப்பெண்ணை அழைத்து, ஏன் கல்லூரியில் சேரவில்லை என்று வினவினார். சட்டம் படிக்க விரும்புவதை அறிந்து செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். வள்ளல் ஒருவரின் ஈகையை நாம் போற்றுகிறோம். அதே வேளையில், பணிந்து கேட்டு அன்று, குறையைச் சுட்டிக்காட்டியே அவ்வுதவி கிடைத்தது என்பதையும் மாணவர்கள் கருத வேண்டும்.

முதலில் டென்னசி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட பெட்டிக்கு மாறுமாறு பணிக்கப்பட்டார். பிரிவினை என்னும் சொல்லை அறிந்திருந்த அவர் அதனை உடலால் உணர்ந்தது அன்றுதான். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1943ஆம் ஆண்டு பட்டம் பெற்று, 1946இல் கொலம்பியா சட்டப் பள்ளியில் தேறினார். அவ்வாண்டிலேயே ஜோயல் மோட்லியை மணந்தார். அதற்கு முன்பே, 1945ஆம் ஆண்டின் இறுதியில், மாணவராய் இருக்கையிலேயே தர்குட் மார்ஷல் தலைமையில் இயங்கிய சட்டத் தற்காப்பு நிதியத்தில் எழுத்தராகச் சேர்ந்துவிட்டார். பெரும் வழக்குரைஞர் நிறுவனங்கள் கறுப்பினப் பெண்ணுக்கு வாயிற்கதவைக்கூடத் திறவாத காலம் அது. மார்ஷலின் அலுவலகம் சிறியது, ஊதியமும் குறைவு. ஆனால் அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் அங்கேதான் புதிதாக எழுதப்பட்டுக் கொண்டிருந்தது என்று கூறுவது மிகையாகாது.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய வழக்கொன்று அவர் பணியின் தொடக்கத்திலேயே வருகிறது. மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த ஊதியம் தரப்பட்டது. கிளாடிஸ் நோயல் பேட்ஸ் என்னும் அறிவியல் ஆசிரியை 1948ஆம் ஆண்டு சம ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1949இல் விசாரணை நடந்தபோது வாதாடச் சென்றவர்களுள் மோட்லியும் ஒருவர். கறுப்பின வழக்குரைஞர்களை, அதிலும் ஒரு பெண்ணை, காண ஊரே நீதிமன்றத்தில் திரண்டது. வழக்கு தோற்றது. ஊதியம் சமமென்று நீதிமன்றம் கூறவில்லை. நிருவாக அமைப்புகளிடம் முறையிடும் வழிகளை முதலில் முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று கூறித் தள்ளியது. ஆசிரியை வேலையை இழந்தார். அவர் கணவரும் இழந்தார். வரலாற்று நூல்கள் வெற்றிகளையே அடுக்கிச் செல்கின்றன. சம ஊதியம் கேட்டதற்காக வகுப்பறையையே இழந்த அந்த ஆசிரியையின் பெயரை நாம் விடாமல் சொல்ல விரும்புகிறோம்.

1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் வெளியான பிரௌன் வழக்குத் தீர்ப்பு பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்ததை அனைவரும் அறிவர். அவ்வழக்கின் மூல வழக்குமனுவை வரைந்தவர் மோட்லி என்பதைச் சிலரே அறிவர். ஆனால் தீர்ப்பு வேறு, தீர்ப்பு நடப்பது வேறு. அடுத்த பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று அத்தீர்ப்பை நடைமுறைக்குக் கொணர்வதே அவர் வேலையாயிற்று. ஜார்ஜியா பல்கலைக்கழகம் 1961இல் இரு கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது அவர் நடத்திய வழக்கால்தான். 1963ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் நகரில், ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை மீண்டும் சேர்க்குமாறு மேல்முறையீட்டு நீதிபதியிடம் ஆணை பெற்றுத் தந்தவரும் அவரே.

இவை எல்லாவற்றிலும் நாம் சற்று நின்று நோக்க வேண்டியது மிசிசிப்பி பல்கலைக்கழக வழக்கு. ஜேம்ஸ் மெரிடித் என்னும் முன்னாள் விமானப் படைவீரர் 1961ஆம் ஆண்டு அங்கே சேர விண்ணப்பித்தார். பல்கலைக்கழகத்தின் விதிகளில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் விண்ணப்பிப்பவர் அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களிடமிருந்து நற்சான்றுகள் பெற்றுவர வேண்டும் என்ற விதி இருந்தது. பழைய மாணவர் அனைவரும் வெள்ளையர். அக்காலத்து மிசிசிப்பியில் எந்த வெள்ளையர் கறுப்பின இளைஞருக்குச் சான்றெழுதித் தருவார்? விதி பொதுவானது போலத் தோன்றும். கதவோ ஒருவருக்கு மட்டுமே மூடியிருக்கும். இத்தகைய விதிகளைக் கண்டுகொள்வதற்கே சட்ட அறிவு வேண்டும்.

மாவட்ட நீதிபதி, பல்கலைக்கழகத்தில் இன அடிப்படையில் தடை ஏதும் இல்லை என்று தீர்ப்பளித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மிசிசிப்பி பிரிவினையைக் கொள்கையாகவே கடைப்பிடிக்கிறது என்பது ஊரறிந்த உண்மை. அதற்குத் தனிச் சான்று வேண்டியதில்லை என்று அது எடுத்துக்கொண்டது. நற்சான்று விதியும் வீழ்ந்தது. 1962ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெரிடித்தைச் சேர்க்குமாறு ஆணை பிறந்தது. செப்டம்பர் 30ஆம் நாள் இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம் மூண்டு இருவர் உயிரிழந்தனர், படை வரவழைக்கப்பட்டது. மறுநாள் மெரிடித் பதிவு செய்துகொண்டார். 1963இல் பட்டமும் பெற்றார்.

அவ்வழக்குக்காக மோட்லி இருபதுக்கும் மேற்பட்ட முறை மிசிசிப்பி சென்று திரும்பினார். நியூயார்க்கில் அவருடைய மகன் அப்போது சிறு பிள்ளை. தங்கும் விடுதிகள் கறுப்பினத்தவருக்கு இடம் தருவதில்லை. ஆதலின் அன்பர்களின் இல்லங்களிலேயே தங்கினார். அவர்களுள் ஒருவரான மெட்கர் எவர்ஸ் 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் வீட்டு முற்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்றத்தினுள் நிகழ்ந்தது வேறுவகை. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அவரைத் 'திருமதி மோட்லி' என்று அழைக்க மறுத்தார். பெயரைத் தவிர்த்து 'அவள்' என்ற பொருளிலேயே சுட்டிப் பேசினார். விளிச்சொல்லின் வலிமையைத் தமிழ் படிக்கும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு 'ர்' விகுதியைக் கொடுப்பதிலும் பறிப்பதிலும் எவ்வளவு இருக்கிறது என்பதை நாம் அறிவோம். மோட்லி குரலை உயர்த்தவில்லை. அடுத்த சாட்சியை விசாரிக்கத் தொடங்கினார்.

உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண் என்ற சிறப்பு 1961இல் அவருக்கு வாய்த்தது. அலபாமா மாநிலத்தில் மரண தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு அது. குற்றச்சாட்டை வாசித்து மறுமொழி கேட்கும் கட்டத்தில் அவருக்கு வழக்குரைஞர் இல்லை. அக்கட்டத்தில் எழுப்பாத சில தற்காப்புகளை அம்மாநிலச் சட்டப்படி பின்னர் எழுப்ப இயலாது. ஆகவே அதுவே உயிர்நிலையான கட்டம் என்று மோட்லி வாதிட்டார். நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அதனை ஏற்றனர். மொத்தம் பத்து வழக்குகளை அவர் அந்நீதிமன்றத்தில் வாதாடினார், ஒன்பதில் வென்றார். தோற்ற பத்தாவது வழக்கைப் பற்றி இறுதியில் கூறுவோம்.

இத்துணை ஆற்றல் படைத்தவரும் தம் சொந்த அலுவலகத்தில் தலைமையை எட்டவில்லை. 1961இல் மார்ஷல் மேல்முறையீட்டு நீதிபதியாகச் சென்றபோது நிதியத்தின் தலைமை ஜாக் கிரீன்பர்க்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரும் திறமையாளரே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெண் என்பது தமக்குத் தடையாயிற்று என்ற வருத்தம் மோட்லிக்கு இருந்தது. அடுத்து அரசியல் வந்தது. 1964இல் நியூயார்க் மாநில செனட் சபைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்ணானார். 1965இல் மன்ஹாட்டன் பகுதித் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே. இவ்வீராண்டை நாம் விரைந்து கடக்கலாம். அவருடைய இயல்பு தேர்தல் மேடைக்கு உரியதன்று என்பதே நம் கணிப்பு.

1966ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அதிபர் லிண்டன் ஜான்சன் அவரை நியூயார்க் தென் மாவட்டக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். பெயர்கள் முதலில் செல்ல வேண்டியது செனட் சபையின் நீதிக் குழுவுக்கு. அதன் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், மிசிசிப்பி மாநிலத்தின் செனட்டர். மெரிடித் வழக்கை அவர் மறந்திருக்கவில்லை. பொதுவுடைமைத் தொடர்பு உண்டென்று பழி சுமத்தி ஏழு மாதம் இழுத்தடித்தார். ஆகஸ்ட் 30ஆம் நாள் இசைவு கிட்டியது. அமெரிக்க வரலாற்றில் கூட்டரசு நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே அவரை அனுப்ப ஜான்சன் எண்ணியதாகவும், எதிர்ப்பினால் அஃது ஈடேறவில்லை எனவும் அறிகிறோம். அப்படிக்கு அவர் பின்னரும் உயர்த்தப்படவில்லை.

இனித்தான் நம் உரையின் மையக் கேள்வி எழுகிறது. இருபதாண்டு ஒரு தரப்புக்காக மட்டுமே வாதாடியவர் நடுநிலை நீதிபதியாக இருத்தல் கூடுமா? சமன்செய்து சீர்தூக்கும் கோலாக அமைய வேண்டியவர் ஒரு தட்டில் நின்று பழகியவராயிற்றே என்று கேட்பவரை நாம் குறைகூற முடியாது. அக்கேள்வி மோட்லியின் முன்னிலையிலேயே எழுப்பப்பட்டது. 1975ஆம் ஆண்டு நியூயார்க்கின் பெரும் வழக்குரைஞர் நிறுவனமான சலிவன் அண்ட் குரோம்வெல் பெண்களை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுகிறது என்ற வழக்கு அவரிடம் வந்தது. அவர் பெண், கறுப்பினத்தவர், பாகுபாட்டுக்கு எதிராக வாதாடியவர். ஆதலின் விலகிக்கொள்ள வேண்டும் என்று நிறுவனத் தரப்பு கோரியது.

மோட்லி மறுத்தார். அவர் கூறிய காரணம் எளிமையானது. ஆனால் அதன் வேர் ஆழமானது. பாலும் இனமும் முன்னாளைய தொழிலும் ஒரு நீதிபதியை நீக்கப் போதுமானவை என்றால், இந்நீதிமன்றத்தின் எந்த நீதிபதியும் இவ்வழக்கை விசாரிக்க இயலாது. ஏனெனில் அனைவரும் ஏதோ ஒரு பாலினர். அனைவரும் முன்னர் வழக்குரைஞராக இருந்தவர். பலர் பெரும் நிறுவனங்களில் பணியாற்றியவர். பெண் நீதிபதி பெண்பால் சாய்வார் என்று அஞ்சுபவர், ஆண் நீதிபதி ஆண்பால் சாயமாட்டார் என்று எதனைக்கொண்டு நம்புகிறார்? அவ்வாறு நம்புவோர் ஆணையும் வெள்ளையரையும் அளவுகோலாகவும், ஏனையோரைக் கோட்டமாகவும் கொள்கின்றனர். இத்தீர்ப்பு இன்றளவும் அந்நாட்டு நீதிமன்றங்களில் மேற்கோளாக எடுத்துக் காட்டப்படுகிறது. வழக்கு பின்னர் இரு தரப்பும் இசைந்து முடிந்தது.

அவர் எப்போதும் பழைய தரப்புக்கே தீர்ப்பளித்தாரா என்றால், இல்லை. தம் ஆர்வத்தை அடக்கிச் சட்டத்தின் எல்லைக்குள் நிற்கவே முயன்றார். அதனால் பழைய நண்பர் சிலர் ஏமாற்றமும் அடைந்தனர். எல்லையை விரித்த இடங்களிலோ மேல்நீதிமன்றம் அவரைத் திருத்தியது. மார்ட்டின் சாஸ்டர் என்னும் கைதி நியூயார்க் சிறையில் ஓராண்டுக்கும் மேலாகத் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். 1970இல் மோட்லி அது கொடுந்தண்டனை என்று அறிவித்து, 372 நாளுக்கு நாளொன்றுக்கு 35 டாலர் வீதம் 13,020 டாலர் இழப்பீடு விதித்தார். மேல்முறையீட்டில் அத்தொகை குறைந்தது. தனிமைச் சிறை தன்னளவிலேயே கொடுந்தண்டனை என்ற முடிவும் நிலைக்கவில்லை. நிலைத்த தீர்ப்புகளும் பல. 1978இல், விளையாட்டு வீரர்களின் உடைமாற்றும் அறையில் ஆண் செய்தியாளர்களை அனுமதித்துவிட்டுப் பெண் செய்தியாளரைத் தடுத்த பேஸ்பால் நிருவாகத்தின் விதி செல்லாது என்றார். அரங்கம் நகராட்சிக்குச் சொந்தமானது என்பதையே தம் வாதத்துக்கு அடிப்படையாக அவர் பிடித்துக்கொண்டது கற்கத்தக்கது. ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி: நூல் பகுதிகளை இசைவின்றி நகலெடுத்துப் பாடத் தொகுப்பாக மாணவர்களுக்கு விற்ற நகலகத்துக்கு 1991இல் 510,000 டாலர் இழப்பீடு விதித்தவரும் இவரே.

1982இல் அம்மாவட்டத்தின் தலைமை நீதிபதியானார். 1986இல் மூத்த நீதிபதி என்னும் நிலைக்கு மாறினார். அது முழு ஓய்வன்று. வழக்குகளின் எண்ணிக்கை மட்டுமே குறையும். 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மறையும்வரை அவர் நீதிபதியாகவே இருந்தார்.

தோற்ற பத்தாவது வழக்கு எஞ்சியுள்ளது. அலபாமாவில் கறுப்பினத்தவர் ஒருவரின் வழக்கில் ஜூரிக்கு அழைக்கப்பட்ட ஆறு கறுப்பினத்தவரையும் அரசுத் தரப்பு காரணம் கூறாமலே நீக்கிவிட்டது. நம் நாட்டில் 1995 முதல் ஜூரி முறை இல்லை. எனவே ஒரு விளக்கம். ஜூரி தேர்வின்போது இரு தரப்பும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைக் காரணம் கூறாமல் விலக்கலாம் என்பது பழைய உரிமை. அவ்வுரிமை இனத்தைக் களையெடுக்கும் கருவியாகிறது என்று மோட்லி வாதிட்டார். 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதனைத் தள்ளிற்று. 21 ஆண்டுகள் கழித்து, 1986 ஏப்ரல் மாதம், கென்டக்கி மாநிலத்தின் பேட்சன் வழக்கில் அதே நீதிமன்றம் தன் பழைய நிலையைக் கைவிட்டது. பெரும்பான்மையோடு நின்ற நீதிபதிகளுள் தர்குட் மார்ஷலும் ஒருவர். அதன்பின் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும், மோட்லி அமர்ந்திருந்த ஃபோலி சதுக்க நீதிமன்றத்திலும், இன நோக்கோடு ஒருவரை விலக்குவதாக ஐயம் எழுந்தால், வழக்குரைஞரை எழுப்பிக் காரணம் கேட்பது விசாரணை நீதிபதியின் கடமையாயிற்று.